குடிக்கும் தண்ணீர் எங்கே போகிறது?

"நான் நடத்துவது பிள்ளைகளுக்குள் போகிறதா இல்லையா? அதை எப்படித் தெரிந்துகொள்வது?"

வெள்ளிக்கிழமை மாலை. நான்காம் வகுப்பு ஆசிரியை ஜெசிந்தா இப்படிக் கேட்டபடிதான் தலைமையாசிரியை கோகிலவாணியின் அறைக்குள் வந்தாள்.

கோகிலவாணி அவளைவிட வயதில் சிறியவள். அதிகம் பேசமாட்டாள். வாரக் கடைசியில் ஒவ்வொரு ஆசிரியையும் அவளிடம் வந்து அந்த வாரம் நடத்தியதைச் சொல்ல வேண்டும். அவள் கேட்டுக்கொள்வாள். அநேகமாக அவ்வளவுதான்.

"இந்த வாரம் என்ன நடத்தினீங்க?"

ஜெசிந்தா சொன்னாள். ஆங்கிலத்தில் அனுமதி கேட்கும் வாக்கியங்கள். 'மே ஐ கம் இன்', 'மே ஐ கோ அவுட்', 'மே ஐ டிரிங்க் வாட்டர்'. பாடம் மறக்காமல் இருக்க ஒரு விதியும் போட்டிருந்தாள். வகுப்பில் யார் எதற்கு அனுமதி கேட்டாலும் ஆங்கிலத்தில்தான் கேட்க வேண்டும். தமிழில் கேட்டால் காதில் விழாது.

அறிவியலில் குடிக்கும் தண்ணீர் எங்கே போகிறது என்ற பாடம். கலங்கிய தண்ணீரைப் பழைய வேட்டித் துணியில் வடிகட்டிக் காட்டி, சிறுநீரகம் செய்யும் வேலை இதுதான் என்று விளக்கியிருந்தாள். பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்த்தார்கள்.

ஆனாலும் அவளுக்குப் பயம் போகவில்லை. திங்கட்கிழமை அதிகாரி பார்வையிட வருகிறார். கேள்வி கேட்பார். பிள்ளைகள் விழித்தால் என்ன செய்வது? போன பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் ஆயிற்று.

"எல்லாரும் வந்திருந்தாங்களா?" என்று கோகிலவாணி கேட்டாள்.

"ஒரே ஒரு பிள்ளை லீவு. தாரணிகா. நேத்தும் வரலை."

"ஏன்?"

ஜெசிந்தா மேசையைப் பார்த்தாள்.

கோகிலவாணி எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டாள். "வாங்க" என்றாள்.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் தறிக்கூடங்கள். சாலை முழுக்க அவற்றின் இரைச்சல். அதைத் தாண்டி நடக்கும்போதுதான் ஜெசிந்தா சொல்லத் தொடங்கினாள். அது கோகிலவாணியின் காதில் விழுந்ததா என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை.

புதன்கிழமை, அறிவியல் பாடம் முடியும் நேரம். தாரணிகா எழுந்து நின்று டீச்சர் என்றாள். இங்கிலீஷில் சொல் என்றாள் ஜெசிந்தா. அந்தப் பெண் 'மே ஐ' என்று ஆரம்பித்து அங்கேயே நின்றுவிட்டாள். பக்கத்துப் பிள்ளைகள் எடுத்துக்கொடுக்கப் பார்த்தார்கள். யாரும் சொல்லாதீங்க, அவளே சொல்லட்டும் என்று இவள் அடக்கினாள். அது நல்லதற்கு என்றுதான் நினைத்தாள். தாரணிகா கண்ணை மூடிக்கொண்டு யோசித்தாள்.

வாக்கியம் வரவில்லை. பாவாடை நனைந்துவிட்டது.

வகுப்பு சிரித்தது.

"நான் சிரிக்கலை மேடம்" என்றாள் ஜெசிந்தா.

கோகிலவாணி நடந்துகொண்டே இருந்தாள்.

தாரணிகா வீடு இருந்த தெருவில் ஒரே வரிசையில் ஓட்டு வீடுகள். நாலைந்து குடும்பங்களுக்குப் பொதுவாக ஓரத்தில் ஒரு கழிப்பறை. ஜெசிந்தா பின்தங்கி நடந்தாள். அந்தத் தாய் கத்துவாள். அக்கம்பக்கம் கூடும். நியாயம் கேட்பார்கள். கேட்கட்டும் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

தாரணிகாவின் அம்மா ருக்மணி கத்தவில்லை. டீச்சர்கள் வீடு தேடி வந்ததில் பதறிப்போய்ப் பாயை உதறி விரித்தாள். சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். தொண்டை காய்ந்திருந்த ஜெசிந்தா அவ்வளவையும் குடித்தாள்.

பள்ளிக்கூடத்தில் நடந்தது எதுவும் ருக்மணிக்குத் தெரியாது. மகள் சொல்லியிருக்கவில்லை. அவள் கவலை வேறாக இருந்தது.

"ரெண்டு நாளா பச்சத்தண்ணி பல்லுல படலீங்க டீச்சர். மெரட்டிப் பாத்துட்டேன், கெஞ்சிப் பாத்துட்டேன். வாயைத் தொறக்க மாட்டேங்கறா. சோறு விக்குனா மட்டும் ஒரு மடக்கு. ஒடம்பு அனலாக் கொதிக்குது. காலைல எந்திரிச்சவ கண்ணக் கட்டுதுன்னு உக்காந்துட்டா."

தாரணிகா சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். உதடு வெடித்திருந்தது.

"ஏன் கண்ணு குடிக்க மாட்டேங்கிற?" என்று கோகிலவாணி கேட்டாள்.

தாரணிகா எழுந்து நின்றாள். வகுப்பில் நிற்பது போலக் கையைக் கட்டிக்கொண்டாள். நிறுத்தி நிறுத்தி, ஒரு சொல் பிசகாமல் சொன்னாள்.

"நாம் குடிக்கும் தண்ணீர் இரத்தத்தில் கலக்கும். சிறுநீரகம் அதை வடிகட்டும். வடிகட்டிய கழிவு சிறுநீர்ப்பைக்குப் போகும். அது நிறைந்தால் நமக்குச் சிறுநீர் வரும்."

கொஞ்சம் நிறுத்தினாள்.

"குடிக்கலைன்னா வராது."

பிறகு ஜெசிந்தாவைப் பார்த்தாள்.

"சரிதானுங்களா டீச்சர்?"

ஜெசிந்தா தலைமையாசிரியை பக்கம் திரும்பினாள்.

"உங்களைத்தான் கேக்கறா" என்றாள் கோகிலவாணி.

சரி என்று சொல்ல ஜெசிந்தாவுக்கு வாய் வரவில்லை. தப்பு என்றும் சொல்ல முடியவில்லை. ருக்மணி ஒன்றும் புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

ஜெசிந்தா அவளிடம் எல்லாவற்றையும் சொன்னாள். விதி போட்டது, மற்றப் பிள்ளைகளை அடக்கியது, பாவாடை நனைந்தது. ருக்மணி கேட்டு முடித்ததும் மகளை இழுத்து மடியில் உட்கார வைத்துக்கொண்டாள். அதற்கப்புறம் அவள் ஜெசிந்தாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்த விதி இனிமேல் இல்லை, தண்ணீர் குடி கண்ணு என்று ஜெசிந்தா கெஞ்சினாள். தாரணிகா மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டாள்.

  இருட்டத் தொடங்கியும் கோகிலவாணி கிளம்பவில்லை.

காலையிலிருந்து இருந்த பதற்றத்தில் ஜெசிந்தா ஒரு தடவைகூடக் கழிப்பறைப் பக்கம் போகவில்லை. இப்போது சொம்புத் தண்ணீர் வேறு. காலை மாற்றி மாற்றி மடக்கிப் பார்த்தாள். அதற்குமேல் முடியவில்லை. ருக்மணியிடம் கேட்க வெட்கமாக இருந்தது.

தாரணிகாவின் பக்கமாகக் குனிந்தாள்.

"கண்ணு, டீச்சர் கொஞ்சம் வெளிய போகணும். போகலாமா?"

தாரணிகா அவளை ஆச்சரியமாகப் பார்த்தாள். அம்மாவின் மடியிலிருந்து இறங்கி வந்து ஜெசிந்தாவின் விரலைப் பிடித்தாள்.

"அதுக்கெல்லாமா கேப்பாங்க? வாங்க."

கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. யாரும் வராமல் நான் பார்த்துக்கிறேன், நீங்க போங்க என்று தாரணிகா கதவை வெளியிலிருந்து இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

ஜெசிந்தா வெளியே வந்தபோது முகம் ஈரமாக இருந்தது. முகம் கழுவினேன் என்றாள். தாரணிகா அதைப் பற்றிக் கேட்கவில்லை. அவள் வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தாள்.

"குடிச்சா மறுபடியும் வருமே டீச்சர்?"

"வரட்டும்" என்றாள் ஜெசிந்தா.