தன்னைத் தானே திருத்திக்கொண்ட கடிகாரம்

கோயம்புத்தூரில், நரம்பு வழியாக மருந்து ஏற்றும் கருவி செய்கிற கம்பெனி ஒன்றில் மயிலாத்தா ஒப்பந்த வேலைக்காரி. கருவிகளை ஓடவிட்டுச் சோதிப்பது அவள் வேலை. புதிதாக வந்த கருவி மருந்தை வேகமாக இறக்குகிறது என்று அவள் சொன்னதும் தலைமை இன்ஜினியர் சந்தானகிருஷ்ணனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அதை இயக்கும் கெர்னல் என்ற மென்பொருளை எழுதியவரே அவர்தான்.

"ஒரு மணி நேரம் வைத்தால், ஒரு மணி நேரம் ஓடியதாகத்தானே திரை காட்டுகிறது?"

"அது தன் கடிகாரத்தையே பார்த்துச் சொல்லுதுங்க சார். என் பரீட்சைப் பேப்பரை நானே திருத்தினா நானும் நூத்துக்கு நூறுதானுங்களே!"

பக்கத்திலிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அவர் முகம் சிவந்தது.

"உன் வாட்ச், செல்போன் எதையும் நம்பமாட்டேன். நான் செய்த கருவியே தப்பென்று சொல்லட்டும். இல்லையென்றால் நாளையிலிருந்து வராதே."

மயிலாத்தா அலமாரியிலிருந்து பழைய கருவி ஒன்றை எடுத்துவந்து புதியதன் பக்கத்தில் வைத்தாள். அதுவும் அவர் செய்ததுதான். இரண்டிலும் ஒரு மணி நேரம் வைத்து ஒரே நேரத்தில் ஓடவிட்டாள். புதியது முடிந்துவிட்டதென்று கூவியபோது பழையதில் இரண்டு நிமிடத்துக்கு மேல் பாக்கி இருந்தது.

"ரெண்டும் நீங்க செஞ்சதுதானுங்க. எதை நம்பட்டுங்க சார்?"

அவர் கெர்னலைப் பிரித்துப் பார்த்தார். நேரத்தை எண்ணும் புதிய டைமர் சிப் நொடிக்கு இரண்டரைக் கோடி முறை துடிப்பது. கெர்னலோ பழைய சிப்பின் கணக்கில், இரண்டு கோடியே நாற்பது லட்சம் துடிப்பையே ஒரு நொடி என்று எண்ணிக்கொண்டிருந்தது. அதனால் ஒவ்வொரு நொடியும் கொஞ்சம் முன்னாலேயே முடிந்துகொண்டிருந்தது.

புதிய கருவிகளோடு ஆஸ்பத்திரிகளுக்குக் கிளம்பவிருந்த வேனை அவரே ஓடிப்போய் நிறுத்தினார். மூச்சிரைக்க டிரைவரிடம் சொன்னார்: "இனிமேல் மயிலாத்தாம்மா கையெழுத்துப் போடாமல் ஒரு பெட்டிகூட ஏற்றாதே."