வராதவர் பெயர்

பாளையங்கோட்டையில் எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வுக்குச் சொல்லிக்கொடுக்கிறவர் தைரியநாதன் ஒருவர்தான். மாணவர்களோடு சேர்ந்து அவரும் வருஷா வருஷம் அந்தத் தேர்வை எழுதுவார். கேள்வி எந்தப் பக்கம் போகிறது என்று உள்ளே உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும் என்பார்.

இந்த வருஷம் தேர்வு நடந்த பள்ளிக்கூட வாசலில் காவலாளி அவரை மறித்தான்.

"அப்பாமாரெல்லாம் மரத்தடியில நில்லுங்க."

"நானும் பரீட்சை எழுத வந்தவன்தாம்ப்பா."

காவலாளி மேலும் கீழும் பார்த்தான். "இன்னுமா பாஸாகல?"

பின்னால் நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். அவருடைய மாணவி செண்பகவடிவுக்குச் சிரிப்பு வரவில்லை.

அவள் வேலைக்குப் போகாமல் படிப்பதற்காக அவளுடைய அக்கா தன் கல்யாணத்தை ஒரு வருஷம் தள்ளிப் போட்டிருந்தாள். மாப்பிள்ளை வீட்டார் இனிப் பொறுக்க மாட்டார்கள். அக்கா போய்விட்டால் வீட்டுக்குச் சம்பாதிக்க இவள்தான். இன்னொரு தரம் எழுத வழியில்லை.

அவள் ஆசைப்பட்ட கல்லூரி, ஒவ்வோர் ஊரிலிருந்தும் முதல் பத்துப் பேரை நேர்முகத்துக்குக் கூப்பிடும். அந்தப் பத்துப் பேரின் பெயர்களை மட்டுமே வெளியிடும். இந்த வருஷம் யாரோ நீதிமன்றத்துக்குப் போனதால், எழுதிய எல்லாருடைய பெயர்களையும் வரிசைப்படி வெளியிட வேண்டியதாயிற்று.

பாளையங்கோட்டைப் பட்டியலில் முதல் பெயர் தைரியநாதன். பதினோராவது பெயர் செண்பகவடிவு.

மறுநாள் அவள் வகுப்புக்கு வந்தபோது ஆசிரியர் கரும்பலகையை அழித்துக்கொண்டிருந்தார்.

"சார், நீங்க நேர்முகத்துக்குப் போவீங்களா?"

"நான் என்னைக்குப் போயிருக்கேன்?"

"போகாத நேர்முகத்துக்கு எதுக்கு சார் பரீட்சை எழுதுதீங்க? கேள்வியைப் பாக்கணும்னா பாத்துட்டுச் சும்மா வந்திரலாமே."

ஆசிரியர் துணியை மேசையில் வைத்தார்.

"சின்ன வயசுல இதே காலேஜ்ல என்னைக் கூப்பிட்டாங்க. காலையிலேருந்து சாயந்திரம் வரைக்கும் வெளிய உக்கார வச்சாங்க. கடைசியா உள்ள விட்டு, உங்க அப்பா என்ன செய்யுதாருன்னு ஒரே ஒரு கேள்வி. உப்பளத்துல உப்பு வாருதாருன்னு சொன்னேன். ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. போகலாம்னுட்டாங்க."

"அதுக்கு?"

"அன்னையிலேருந்து வருஷா வருஷம் அவங்களாவே என்னைக் கூப்பிட வைக்கேன். போக மாட்டேன். காத்துக் கிடக்கட்டும்."

"காத்துக் கிடக்காங்களா சார்?"

ஆசிரியர் திட்டப்போகிறார் என்று அவள் நினைத்தாள்.

"வெள்ளிக்கிழமை மதுரையில நடக்கு," என்றார். "நீயும் வா. பாப்போம்."

மதுரையில் ஒரு பெரிய ஓட்டலின் கூடத்தில் நேர்முகம். வந்திருந்த பையன்கள் டை கட்டியிருந்தார்கள். ஒருவன் உதடு அசைய எதையோ மனப்பாடம் செய்துகொண்டிருந்தான். அவன் அம்மா அவனுக்கு விசிறிவிட்டாள். ஏ.சி. ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆசிரியரும் செண்பகவடிவும் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார்கள்.

கதவைத் திறந்துகொண்டு ஓர் ஊழியர் வந்தார்.

"தைரியநாதன்."

யாரும் எழவில்லை. செண்பகவடிவு ஆசிரியரைப் பார்த்தாள். அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, கதவுக்கு உள்ளே என்ன தெரிகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"தைரியநாதன் இருக்காரா?"

ஊழியர் கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுக் காகிதத்தில் ஒரு கோடு இழுத்தார். கதவுக்குள் தலையை நீட்டினார்.

"முதல் ஆள் வரல சார்."

"நல்லதாப் போச்சு," என்றது உள்ளேயிருந்து ஒரு குரல். "சீக்கிரம் சாப்பிடப் போகலாம். அடுத்த ஆளை அனுப்புங்க."

உள்ளே சிரித்தார்கள். அந்தச் சிரிப்புகூட ஆசிரியரைப் பற்றியது இல்லை. சாப்பாட்டைப் பற்றியது.

செண்பகவடிவு எழுந்து ஓடினாள்.

"சார், வராதவருக்குப் பதிலா நான் உள்ள போலாமா? பாளையங்கோட்டையில பதினோராவது நான்தான். அவருக்குப் பதிலா நான்தான் வரணும்."

"உங்க பேரு இதுல இருக்காம்மா?"

"இல்ல சார்."

"அப்புறம் எப்படிம்மா? பத்துன்னா பத்துதான். வரலேன்னா அந்த இடம் சும்மா போகும்." அவர் கோபக்காரர் இல்லை. வருத்தத்தோடுதான் சொன்னார். "உங்க ஊர்ல மட்டும் வருஷா வருஷம் ஒருத்தர் வர மாட்டேங்கிறார். என்ன ஊரோ, போங்க."

அவள் திரும்பி வந்தாள். ஆசிரியர் எழுந்து நின்றிருந்தார். ஊழியர் சொன்னது காதில் விழுந்திருந்தது என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

ஊருக்குத் திரும்பும் பேருந்து கோவில்பட்டியைத் தாண்டியது.

"அக்காகிட்ட என்ன சார் சொல்ல?"

"நான் வீட்டுக்கு வந்து சொல்லுதேன்."

"நீங்க வர வேண்டாம் சார்."

அவர் தலையாட்டினார். பேருந்து நின்று, ஆட்களை இறக்கிவிட்டு, மறுபடி கிளம்பியது. அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி கேட்டாள்.

"முன்னாடி வருஷங்கள்ல பதினோராவதா வந்தது யார் யாரு சார்?"

"அப்பல்லாம் பட்டியல் வெளிய வராதே," என்றார் தைரியநாதன். "அழுதுக்கிட்டு வந்து நின்ன எல்லார்கிட்டயும், இன்னும் கொஞ்சம் படிச்சிருக்கணும்னு சொல்லி அனுப்பியிருக்கேன்."