மூலை கறுத்த நாற்பத்தோரு அட்டைகள்

"எந்த வயசுல வேலையை விட்டா, தாயே, ரொம்ப நாள் உயிரோட இருக்கலாம்?"

இதைக் கேட்டபோது மாசிலாமணி முழங்கால்வரை நனைந்திருந்தார். மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிடக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

காயலுக்கு நடுவில் ஒரு மணல் திட்டு. அதில் நாலு புன்னை மரம், ஒரு குடிசை. குடிசையில் பூரணியம்மாள். மனசில் முள் தைத்தவர்கள் அவரைத் தேடிப் போவார்கள். விடியற்காலையில் நீர் இறங்கியிருக்கும், நடந்தே போய்விடலாம். உச்சிப் பொழுதுக்குள் திரும்பிவிட வேண்டும். நீர் ஏறிவிட்டால் அப்புறம் மறுநாள்தான்.

பூரணியம்மாள் மாசிலாமணியைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவர். 'தாயே' என்று கூப்பிட அவருக்குக் கொஞ்சம் கூச்சம்தான். ஆனால் பயந்து வந்தவனுக்கு வயசு பார்த்துக் கும்பிட ஏது நேரம்?

அந்த அம்மாள் புன்னைக் கொட்டையைக் கல்லில் வைத்து உடைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"ஏன் ஆடுறீங்க?" என்றார்.

அப்போதுதான் மாசிலாமணிக்கே தெரிந்தது. நின்ற இடத்திலேயே அவர் உடம்பு இடமும் வலமுமாக மெல்ல அசைந்துகொண்டிருந்தது.

அது முப்பத்தைந்து வருஷத்துப் பழக்கம். ஓடும் ரயிலில் தபாலுக்கென்று இருக்கும் பெட்டியில் நின்றபடியே ஊர்வாரியாகக் கடிதம் பிரிக்கிற வேலை அவருக்கு. எதிரே புறாக்கூடு மாதிரி ஏழேழு நாற்பத்தொன்பது அறைகள். ஊர்ப் பெயரைக் கண் படித்து முடிக்குமுன் கை எறிந்துவிடும். மற்றவர்களுக்கு வண்டி ஆடும். அவருக்குத் தரைதான் ஆடும்.

தன் சங்கதியைச் சொன்னார். வயது ஐம்பத்தேழு. இந்த இதயம் இனி ஓடுகிற வண்டியைத் தாங்காது, வேலையை விடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். விடவும் பயம். அவருடைய அப்பா மில் வேலையை விட்ட பதினோராம் மாதம் போய்ச் சேர்ந்தார். அண்ணனும் வேலையை விட்டுப் பதினோரு மாதம்தான் இருந்தார். விருப்ப ஓய்வா, இல்லை அறுபதுவரை ஓட்டமா என்று சித்திரை முடிவதற்குள் எழுதிக் கொடுத்தாக வேண்டும்.

"ஓடினாலும் சாவு, நின்னாலும் சாவு. எது கொஞ்சம் தள்ளி வரும்னு தெரிஞ்சா போதும்."

"தெரிஞ்சுக்க என்ன பண்ணீங்க?"

இதற்காகவே காத்திருந்தவர்போல மாசிலாமணி தோள்பையிலிருந்து அட்டைக் கட்டு ஒன்றை எடுத்து வைத்தார். எல்லாம் கருமாதி அட்டைகள். மூலையில் கறுப்பு தடவியவை.

அந்த அட்டையை யாரும் வீட்டுக்குள் கொண்டுபோக மாட்டார்கள். வாசலிலேயே படித்து, வாசலிலேயே கிழித்துப் போடுவது வழக்கம். மாசிலாமணி கிழிக்கவில்லை. கூட வேலை பார்த்தவர்கள் ஒவ்வொருவராகப் போகப் போக, வந்த அட்டைகளையெல்லாம் சேர்த்தார். படுக்கிற அறையில் பலகை அடித்து, தடுப்பு வைத்து, எந்த வயதில் வேலையை விட்டார், எந்த வயதில் கண்ணை மூடினார் என்று பிரித்துப் போட்டார். பிரித்துப் பழகின கை சும்மா இருக்குமா?

அவர் மனைவி சண்பகவல்லி ஒரே ஒருநாள்தான் அதைப் பற்றிப் பேசினாள். "எழவுக் காகிதத்துக்குத் தொட்டில் கட்டி வச்சிருக்கீங்க. தாலாட்டு நான் பாடணுமா?"

நாற்பத்தோரு அட்டை சேர்ந்தும் ஒரு விதி பிடிபடவில்லை. தெய்வசிகாமணி ஐம்பதிலேயே விட்டார், ஐம்பத்திரண்டில் போனார். பிச்சாண்டி அறுபதுவரை ஓடினார், அறுபத்தொன்றைப் பார்க்கவில்லை. விடியுமுன் நடை போனவரும் இந்தக் கட்டுக்குள் கிடந்தார். கட்டிலைவிட்டு இறங்காதவரும் கிடந்தார். சுருட்டுக் குடித்தவரும், பச்சைத் தண்ணீரைக்கூட வடிகட்டிக் குடித்தவரும் பக்கத்துப் பக்கத்து அறை.

பூரணியம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு அட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவசரமே இல்லை. தண்ணீரில் ஒரு கொக்கு கால் மாற்றி நின்றது.

"இதுல இருக்கிறவங்க எல்லாரும் செத்தவங்கதானே?"

"ஆமா, தாயே."

"உயிரோட இருக்கிறவங்க அட்டை எங்க?"

மாசிலாமணிக்குச் சிரிப்பு வந்தது. "உயிரோட இருக்கிறவங்க அட்டை போட மாட்டாங்களே, தா..."

சொல்லி முடிக்கவில்லை.

முப்பத்தைந்து வருஷம் வந்த கடிதத்தைப் பிரித்தவருக்கு, வராத கடிதம் என்று ஒன்று இருப்பதே ஒருநாளும் நினைவுக்கு வந்ததில்லை.

அந்த அம்மாள் எழுந்துபோய்க் கஞ்சிக்கு அடுப்பு மூட்டினார். சுள்ளி ஈரம். அட்டைக் கட்டுக்குள்ளிருந்து ஒன்றை எடுத்துச் சொருகினார். மாசிலாமணி பதறி எழுந்தார்.

"பிச்சாண்டி நல்லாப் பிடிக்கிறாரு" என்றார் பூரணியம்மாள். "உக்காருங்க. கஞ்சி குடிச்சிட்டு, அட்டை வராதவங்களைப் போய்ப் பாருங்க."

ஊர் திரும்பி எண்ணிப் பார்த்ததில், அட்டை வராதவர்கள் பத்தொன்பது பேர் என்று தெரிந்தது. மூன்று பேரின் இருப்பிடம்தான் கிடைத்தது.

முதலில் வேதநாயகம். ஐம்பத்தெட்டில் ஓய்வு பெற்றவர், இப்போது எண்பத்தெட்டு. வாழைத் தோப்புக்கு நடுவில் மகளோடு இருந்தார். தினமும் குளிர்ந்த நீரில் குளியல், அளந்து சாப்பாடு. மாசிலாமணி கேட்க வந்ததைக் கேட்டார். அது கிழவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

"கோமதி இருக்கானா?" என்றார் அவர்.

கோமதிநாயகம் இருந்தார். இரண்டு பேருந்து மாறிப் போக வேண்டிய ஊரில், ஓட்டு வீட்டில், பீடியும் கையுமாக. நாற்பத்தொன்பதிலேயே நெஞ்சுவலி என்று வேலையை விட்டவர். எண்பது முடிந்துவிட்டது. வேலையை விட்ட பிறகு துரும்பைக்கூட எடுத்துப் போட்டதில்லை என்று அவரே பெருமையாகச் சொன்னார். அவருக்கு வேதநாயகம் ஒரு சொல் கொடுத்தனுப்பியிருந்தார்: "அன்னிக்கு நான் சொன்னதுதான் சரி. அது புளியங்குளம்தான்."

எந்தக் காலத்திலோ எழுத்து அழிந்த ஒரு கடிதம் வந்ததாம். புளியங்குடியா, புளியங்குளமா என்று ஓடுகிற வண்டியில் இரண்டு பேருக்கும் சண்டை. கோமதிநாயகம் சிரித்தார். சிரித்துச் சிரித்து இருமினார். மருமகள் ஓடிவந்து முதுகைத் தடவினாள்.

"போய்ச் சொல்லுடா அந்தக் குருட்டுப் பயகிட்ட. புளியங்குடி."

மாசிலாமணி போய்ச் சொன்னார். வேதநாயகம் அன்று இரண்டாவது தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார் என்று மகள் வியந்தாள். மறுபடி ஒரு சொல் புறப்பட்டது.

மூன்றாவது ஆள் ரசாக் பாய். அறுபதுக்குப் பிறகும் நிற்கவில்லை, மகன் கடையில் குடை ரிப்பேர். எண்பத்துமூன்று. இந்தச் சண்டையில் அவர் யார் பக்கம் என்று கேட்டுவரச் சொன்னார்கள். ஊர்ப் பெயரை நான் பார்க்கவில்லை, கையெழுத்தைத்தான் பார்த்தேன், அது அழுதுகொண்டே எழுதிய கையெழுத்து என்றார் ரசாக் பாய். அதைக் கேட்டு அந்த இரண்டு பேரும் ஒரு வாரம் சண்டையை நிறுத்தி வைத்தார்கள்.

இப்படியே போயிற்று. ஜன்னலோரம் உட்கார்ந்தால் பனைகள் பின்னால் போகும். ஒரு ஊரின் மழை இன்னொரு ஊர்வரை கூடவே வரும். மூச்சு வாங்கும் இடங்களில் மாசிலாமணி உட்கார்ந்து உட்கார்ந்து போனார். சில நாள் சண்பகவல்லியும் வந்தாள். தூக்குவாளியில் அவள் கொண்டுவரும் எலுமிச்சைச் சோற்றைக் கோமதிநாயகம் திட்டிக்கொண்டே தின்பார்.

நடுவில் ஒருநாள் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து மாசிலாமணி விருப்ப ஓய்வுக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். பேருந்து புறப்படப் போனதால் அதை இன்னொரு தடவை படித்துப் பார்க்கவில்லை. சித்திரை முடிய நாலு நாள் இருந்தது.

தை மாதம் ரசாக் பாய் போனார். அட்டை ஏதும் வரவில்லை. மாசிலாமணி பக்கத்திலேயே இருந்தார்.

அப்புறம் ஓர் ஆடி மாதக் காலையில், காற்று தண்ணீரைச் சுருக்கம் சுருக்கமாக மடித்துக்கொண்டிருந்தபோது, அவர் திட்டுக்கு மறுபடி வந்தார். பூரணியம்மாள் புன்னைக் கொட்டைதான் உடைத்துக்கொண்டிருந்தார். இடையில் ஒரு நாள்கூடப் போகாதது மாதிரி இருந்தது.

"பார்த்தீங்களா?"

பார்த்ததைச் சொன்னார். ஒருவர் அளந்து சாப்பிடுகிறார், ஒருவர் பீடி குடிக்கிறார். ஒருவர் சீக்கிரம் விட்டார், ஒருவர் கடைசிவரை விடவே இல்லை.

"எந்த வயசுல விடணும்னு கேட்டீங்களா?"

முதல் தடவை கேட்டதோடு சரி என்றார் மாசிலாமணி. அப்புறம் கேட்க மறந்துபோயிற்று.

"அப்பாவுக்குப் பதினோரு மாசம்" என்றார் பூரணியம்மாள், கல்லைத் தட்டியபடி. "உங்களுக்கு?"

மாசிலாமணி விரல் விட்டார். வைகாசி, ஆனி, ஆடி. ஒரு கை முடிந்து மறு கைக்குப் போனார். தை, மாசி. விரல் தீர்ந்தது. பிறகும் பங்குனி வந்தது, சித்திரை வந்தது, வைகாசி வந்தது. எண்ணுவதை நிறுத்திவிட்டுத் தன் இரண்டு கையையும் பார்த்துக்கொண்டு நின்றார். பதினோராம் மாதம் எப்போது வந்தது, எந்த ஊரில் இருந்தபோது போனது என்று அவருக்குத் தெரியவில்லை.

தண்ணீர் ஏறத் தொடங்கியிருந்தது. திட்டின் ஓரத்துக்கு இறங்கி நின்று, போக வேண்டும் என்றார் அவர். கோமதிநாயகத்திடம் சேர்க்க வேண்டிய பதில் ஒன்று மூன்று நாளாகக் கையில் இருக்கிறது. தாமதமானால் கிழவர் சாப்பிட மாட்டார்.

கல் சத்தம் நின்றது.

பூரணியம்மாள் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். அந்த முகத்தை மாசிலாமணி நேருக்கு நேர் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

அக்கரையில், உப்பளத்துக்குப் பக்கத்து ஊரில் தனக்கு ஓர் அக்கா இருப்பதாக அந்த அம்மாள் சொன்னார். பேச்சு நின்று இருபது வருஷம். ஏன் நின்றது என்று சொல்லவில்லை. போகிற வழிதானே என்று மட்டும் கேட்டார்.

அது போகிற வழி இல்லை. மூன்று கல் தூரம் சுற்று. மாசிலாமணி வழிதான் என்றார்.

"என்ன சொல்லணும், தாயே?"

பூரணியம்மாள் கையிலிருந்த கல்லைக் கீழே வைத்தார். ஊரெல்லாம் வந்து கேட்டுப் போன வாய்க்கு ஒரு சொல் கிடைக்கவில்லை. தண்ணீர் கணுக்காலுக்கு வந்தது. மாசிலாமணி அவசரப்படுத்தவில்லை. முழங்காலுக்கு வந்தது. வேட்டியை இன்னும் கொஞ்சம் தூக்கிக் கட்டிக்கொண்டு நின்றார்.

"இருக்கேன்னு சொல்லுங்க."