எண்ணின் மேல் விரல்

"என் கவனம் எங்க போச்சுன்னு எனக்கே தெரியலம்மா" என்றார் மாசிலாமணி.

அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. இருபத்தாறு வருடமாக விமானம் ஓட்டுகிறவர். எதிரே இருந்த பயிற்சியாளர் ஹசீனாவுக்கு முப்பத்தெட்டு. ஒரு காலத்தில் இவருக்குத் துணை விமானியாகப் பறந்தவர்.

"நடந்ததைச் சொல்லுங்க சார்."

சொன்னார்.

விமானம் மேலே ஏறிக்கொண்டிருந்தது. ஓட்டியது துணை விமானி; கட்டுப்பாட்டு அறையோடு பேசுவதும் பலகையில் உயரத்தை மாற்றுவதும் மாசிலாமணி வேலை. பன்னிரண்டாயிரம் அடி வரை போகலாம் என்று அனுமதி. பாதியில் கட்டுப்பாட்டு அறை அதை மாற்றியது: ஒன்பதாயிரத்தோடு நிற்க வேண்டும்.

"ஒன்பதாயிரம்" என்று மாசிலாமணி திருப்பிச் சொன்னார். உயர எண்ணை மாற்றும் குமிழுக்குக் கை போனது. அந்த நொடியில் பணிப்பெண் உள்ளிருந்து கூப்பிடும் தொலைபேசி அடித்தது.

கை குமிழை விட்டுத் தொலைபேசியை எடுத்தது.

பலகையில் பன்னிரண்டாயிரம் அப்படியே இருந்தது. துணை விமானி அதைப் பார்த்துத்தான் ஏற்றினார். கட்டுப்பாட்டு அறை கத்தியபோது ஒன்பதாயிரத்து எழுநூறு.

பத்தாயிரத்தில் இன்னொரு விமானம் குறுக்கே போனது. அதில் நூற்று எண்பது பேர்.

"நான் வெட்டிப் பேச்சு பேசல. ஒரு அம்மாவுக்கு நெஞ்சுவலி. கீழ டாக்டருக்கு ஏற்பாடு பண்ணிட்டிருந்தேன்."

"பாவம். அந்த அம்மா அப்ப எத்தனை அடியில இருந்தாங்க?"

"இது என்னம்மா கேள்வி? எங்க விமானத்துலதான்."

"அப்போ அவங்களும் ஒன்பதாயிரத்து எழுநூறுலதானே சார்?" என்றார் ஹசீனா.

மாசிலாமணி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"வியாழக்கிழமை பரீட்சை. அதுல தவறினா இனிமே எனக்கு இருக்கை கிடையாது. எனக்கு ஏதாவது வழி சொல்லு."

"வழி ஏற்கெனவே இருக்கு சார். எண்ணைத் திருப்பினவர் அதுமேல விரல் வெச்சிருக்கணும். பக்கத்துல இருக்கறவர் விரல் நீட்டி, வாய்விட்டுப் படிக்கணும். அப்புறம்தான் விரலை எடுக்கணும்."

"அதெல்லாம் எல்.கே.ஜி. பிள்ளைங்க விளையாட்டு. உனக்குத் தரையிறங்கச் சொல்லிக் கொடுத்தவனே நான்."

"அதனாலதான் இன்னிக்கும் உயிரோட இருக்கேன். உள்ள வாங்க."

சிமுலேட்டருக்குள் போனார்கள். தரையை விட்டுப் போகாத விமானம் அது. பக்கத்து இருக்கையில் ரெக்ஸ் உட்கார்ந்தார். அவரும் விமானிதான், ஓட்டுவது அவர் வேலை. ஹசீனா பின்னால் உட்கார்ந்து கட்டுப்பாட்டு அறையாகப் பேசினார்.

"ஒன்பதாயிரத்தில் நிற்கவும்."

தொலைபேசி அடித்தது. மாசிலாமணி எடுத்தார்.

"அறுநூறு அடி தாண்டிட்டீங்க" என்றார் ஹசீனா.

"இன்னொரு தடவை."

"ஒன்பதாயிரத்தில் நிற்கவும்... சார், பொண்ணுக்குக் கல்யாணம்னு கேள்விப்பட்டேனே, எப்போ?"

"தை மாசம். மாப்பிள்ளை கோயம்புத்தூர்..."

"முந்நூறு அடி."

மாசிலாமணிக்குக் கோபம் வந்தது. "கேட்டா பதில் சொல்ல வேண்டாமா? அதுதானே மரியாதை?"

"மாப்பிள்ளை ரொம்ப மேல போயிட்டார் சார்" என்றார் ரெக்ஸ்.

யாரும் சிரிக்கவில்லை.

"இன்னொரு தடவை" என்றார் மாசிலாமணி.

அன்று பதினோரு தடவை. மறுநாள் பதினான்கு. சில தடவை நின்றது. சில தடவை தாண்டியது. கழுத்து வலித்தது, சட்டை நனைந்தது. அவர் மட்டும் எழுந்திருக்கவில்லை. ரெக்ஸ்தான் கெஞ்சினார்: "சார், சாப்பிட்டுட்டு வந்து தாண்டலாமே?"

உணவகத்துக்கு லிப்டில் போனார்கள். மாசிலாமணி நான்காம் எண்ணை அழுத்தினார். விரலை எடுக்கவில்லை. பக்கத்தில் நின்ற பெரியவரைப் பார்த்து "நாலு" என்றார்.

பெரியவர் விழித்தார்.

"நாலு" என்றார் மறுபடியும்.

"சரிப்பா, நாலு" என்றார் பெரியவர் பயந்துபோய்.

மாசிலாமணி விரலை எடுத்தார்.

வியாழக்கிழமை வந்தது. பரீட்சைத் தாள் ஹசீனாவின் மடியில் இருந்தது. பழைய பழக்கம் எல்லாம் அன்றைக்கு இல்லை. வணக்கம் சொன்னதோடு சரி.

ஹசீனா ஒரு எஞ்சினை நிறுத்தினார். சமாளித்தார்கள். மழையில் இறங்கச் சொன்னார். இறங்கினார்கள். மறுபடி மேலே ஏறச் சொன்னார். பன்னிரண்டாயிரத்துக்கு அனுமதி.

ஏழாயிரம் தாண்டியது.

"ஒன்பதாயிரத்தில் நிற்கவும்."

"ஒன்பதாயிரம்" என்றார் மாசிலாமணி. கை குமிழுக்குப் போனது.

"சார், போதும்" என்றார் ஹசீனா பின்னாலிருந்து. "நீங்க பாஸ். கையெழுத்துப் போட்டாச்சு. எழுந்து வாங்க."

ரெக்ஸ் முகமெல்லாம் சிரிப்பாகி, கைகுலுக்க வலக்கையை நீட்டினார்.

மாசிலாமணி அந்தக் கையைப் பிடிக்கவில்லை. திரும்பிப் பார்க்கவும் இல்லை. குமிழைத் திருப்பினார். எண்ணின் மேல் விரலை வைத்தார்.

"ஒன்பதாயிரம்" என்றார்.

"சார், உங்களைத்தான். பாஸ்."

"ஒன்பதாயிரம்."

ரெக்ஸின் கை அந்தரத்தில் நின்றது. பிறகு அந்தக் கையே மெல்லத் திரும்பி, பலகையை நோக்கி ஒரு விரலை நீட்டியது.

"ஒன்பதாயிரம்" என்றார் ரெக்ஸ்.

விரல் எண்ணை விட்டு எழுந்தது.

எட்டாயிரம். "இன்னும் ஆயிரம்" என்றார் மாசிலாமணி. எட்டாயிரத்து ஐநூறு. எட்டாயிரத்துத் தொள்ளாயிரம்.

முள் ஒன்பதாயிரத்தில் நின்றது.

ஒரு மூச்சு விட்டார். பிறகுதான் திரும்பினார்.

"இப்ப சொல்லும்மா. என்னமோ சொன்னியே?"

ஹசீனா பரீட்சைத் தாளில் கையெழுத்துப் போடப் பேனாவின் மூடியைத் திறந்தார்.