தேக்குத் தரையில் ஒரு கீறல்

“என் வீட்டுக்காரி பொய் சொல்றா, அம்மா. நாற்பது வருஷத்துல இதுதான் முதல் தடவை.”

சிற்றம்பலம் இதைச் சொன்னபோது மற்றவர்கள் எழுந்து போய்விட்டிருந்தார்கள். காலைத் தியானம் முடிந்து, பாய்களைச் சுருட்டி வைக்கும் நேரம்.

மங்கையர்க்கரசி கையிலிருந்த பாயைக் கீழே வைத்தார்.

அவருக்கு வயது நாற்பத்திரண்டு. சிற்றம்பலத்துக்கு அறுபத்தைந்து. ஆனாலும் குரு மங்கையர்க்கரசிதான். பதினான்கு வருடம் நில அளவைத் துறையில் சங்கிலி பிடித்து மலையெல்லாம் நடந்தவர். ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு ஏற்காட்டில் ஓட்டு வீடு ஒன்றில் உட்கார்ந்துவிட்டார். யாரையும் அவர் வரச் சொல்லவில்லை. வந்தவர்களைப் போகச் சொல்லவும் இல்லை.

“என்ன பொய்?” என்று கேட்டார்.

சிற்றம்பலம் சொன்னார். அவர் வீட்டுக் கூடத்தில் தேக்குப் பலகை பதித்த தரை. அதில் ஒரு கீறல் விழுந்திருக்கிறது. கிழக்கு ஜன்னல் பக்கம், விரல் நீளத்துக்கு. கண்ணில் பட்டு மூன்று நாள் ஆகிறது. மனைவி உண்ணாமலைக்கு மூட்டு வலி; அலுமினிய வாக்கரைப் பிடித்துத்தான் நடப்பார். அதன் அடியில் உள்ள நான்கு ரப்பர்களில் இரண்டு தேய்ந்து உலோகம் வெளியே தெரிகிறது. சிற்றம்பலம் அதைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்து உறுதி செய்துகொண்டார். பிறகுதான் மனைவியிடம் கேட்டார். நான் கீறவில்லை என்று உண்ணாமலை சொல்லிவிட்டார்.

“கீறல் போகட்டும்மா. ஒத்துக்கிட்டா போதும். கண்ணை மூடி உட்கார்ந்தா அந்தக் கோடுதான் வருது. நான் என்ன செய்யணும்?”

மங்கையர்க்கரசி கீழே வைத்த பாயை எடுத்துச் சுருட்டினார். வெளியே சில்வர் ஓக் இலைகளிலிருந்து பனி சொட்டிக்கொண்டிருந்தது.

“நாளைக்கு உங்க வீட்ல சாப்பிட வரலாமா, ஐயா?”

சிற்றம்பலம் திகைத்துப்போனார். அவருக்குத் தெரிந்து மங்கையர்க்கரசி யார் வீட்டுக்கும் போனதில்லை.

*

சிற்றம்பலம் ஒரு சர்க்கரை ஆலையில் தரக்கட்டுப்பாட்டு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்தோரு வருடம், எதில் என்ன குறை என்று பார்ப்பதே அவர் வேலை.

மரத்தரையையும் அப்படித்தான் தேர்ந்தெடுத்தார்.

சேலத்தில் ஐந்து மரக்கடை ஏறி இறங்கினார். மேலே மெல்லிசாகத் தேக்கை ஒட்டி, அடியில் வேறு மரம் வைத்த பலகைகளைக் காட்டினார்கள். ஒரு முறை இழைத்தால் தேக்கே போய்விடும், வேண்டாம் என்றார். முழு மரம்தான் வேண்டும். தேயத் தேய இழைத்துக்கொள்ளலாம், பேரன் காலம் வரை வரும். ஒவ்வொரு பலகையையும் தூக்கி, ஒரு நுனியில் கண்ணை வைத்து, முறுக்கிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்தார். முடிச்சு உள்ளதை ஒதுக்கினார். ஓரம் வெளுத்ததை ஒதுக்கினார்.

வந்த பலகைகளை உடனே பதிக்க விடவில்லை. மலைக்காற்றுக்குப் பழகட்டும் என்று மூன்று வாரம் கூடத்திலேயே அடுக்கி வைத்தார். மழைக்காலத்தில் மரம் உப்பும், நகர இடம் வேண்டும் என்று சுவரோரம் அரை விரல் இடைவெளி விடச் சொன்னார். இவ்வளவு தெரிந்த வீட்டுக்காரரை நான் பார்த்ததே இல்லை என்றார் ஆசாரி. சிற்றம்பலம் அதைப் பலரிடம் சொல்லியிருக்கிறார்.

பராமரிப்பிலும் அவரிடம் ஒரு குறை காண முடியாது.

தினமும் மெத்தென்ற துடைப்பம். வாரம் ஒரு முறை, ஒட்டப் பிழிந்த துணி. ஒரு சொட்டுத் தண்ணீர் நிற்கக் கூடாது. நாற்காலிக் கால்களுக்கெல்லாம் கம்பளித் துண்டு ஒட்டியிருந்தார். வெயில் விழும் ஜன்னலுக்குத் தடித்த திரை. காற்றில் எவ்வளவு ஈரம் என்று காட்டும் ஒரு கருவியைச் சுவரில் மாட்டி, காலையும் மாலையும் அதன் முன்னால் போய் நிற்பார்.

எல்லாம் அவர் கையாலேயே. வேறு யாரையும் தரையைத் தொட விட்டதில்லை.

*

மறுநாள் ஐப்பசித் தூறல்.

மங்கையர்க்கரசி குடையை மடக்கி வாசலில் சாய்த்தார். கால் நனைந்திருந்தது. குருவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் சிற்றம்பலம் ஒரு துண்டை மட்டும் நீட்டினார். மங்கையர்க்கரசி அதை வாங்கி, விரல் இடுக்குகளையும் விடாமல் துடைத்துவிட்டு உள்ளே வந்தார்.

கூடம் முழுக்க எண்ணெயும் தேக்கும் கலந்த வாசனை. தரை தேன் நிறத்தில் கிடந்தது.

“நல்ல தரை,” என்றார்.

சிற்றம்பலத்துக்கு முகம் மலர்ந்தது. கிழக்கு ஜன்னலுக்குப் போய், குனிந்து, கீறலைக் காட்டினார்.

மங்கையர்க்கரசி அந்தப் பக்கம் வரவில்லை. எதிர்ச் சுவரோரம் போய் மண்டியிட்டார். பிறகு அப்படியே குப்புறப் படுத்து, கன்னத்தைப் பலகையில் வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டார்.

சிற்றம்பலத்துக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. மயக்கமோ என்றுகூட நினைத்தார்.

“அம்மா, என்ன பாக்குறீங்க?”

“பாதை. திரையை விலக்கிட்டு நீங்களும் படுங்க.”

அவர் திரையை விலக்கினார். முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கீழே படுத்தார். தன் தரையில் அவர் கன்னம் பட்டது அன்றுதான்.

நின்று பார்க்கும்போது தெரியாத ஒன்று அப்போது தெரிந்தது. ஜன்னல் வெளிச்சம் தரையோடு தரையாக வந்தது. பளபளப்புக்கு நடுவே, ஒரு சாண் அகலத்துக்கு மங்கலாக ஒரு தடம் ஓடியது. முன்னறையிலிருந்து சமையலறைக்கு. சமையலறையிலிருந்து படுக்கையறை வாசலுக்கு. ஒரு கிளை, சுவரில் இருந்த கருவிக்கு. இன்னொன்று, ஜன்னலோர நாற்காலிக்கு.

“இது யார் நடை?”

“என்னோடது.” கொஞ்சம் வெட்கத்தோடு சொன்னார்.

“ஒத்தையடிப் பாதை,” என்றார் மங்கையர்க்கரசி. “கீறலும் அது மேலதான் இருக்கு.”

சிற்றம்பலம் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். இருந்தது.

“வீட்ல எத்தனை பேர், ஐயா?”

“ரெண்டு பேர்.”

“வாக்கர் நாலு கால் ஊன்றிப் போகும். அந்தத் தடம் எங்க?”

அவர் தேடினார். கன்னத்தை எடுக்காமல், கண்ணை மட்டும் இடமும் வலமும் ஓட்டினார். மங்கல் பாதைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தரை நேற்றுப் பதித்ததுபோல மின்னியது. ஒரு புள்ளி இல்லை. ஒரு தேய்மானம் இல்லை.

அவர் தலையைத் தூக்கி இரண்டு வாசல்களையும் பார்த்தார்.

உண்ணாமலையின் படுக்கையறை கூடத்துக்கு இடப்பக்கம். சமையலறை பின்பக்கம். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக வீட்டுக்குள் வேறு வழியே கிடையாது. கூடத்தைத் தாண்டித்தான் ஆக வேண்டும்.

அவர் யோசித்துப் பார்த்தார். தியானத்துக்கு நாலு மணிக்கு எழுவதால், மனைவி தூக்கம் கெட வேண்டாம் என்று அவர் முன்னறையில் படுத்துக்கொள்வார். ஐந்து மணிக்குக் கிளம்பி எட்டு மணிக்கு வருவார். அப்போது உண்ணாமலை சமையலறையில் இருப்பார். மதியம் எட்டிப் பார்த்தால் படுக்கையறையில் படுத்திருப்பார். சாயங்காலம் மறுபடி சமையலறை. இங்கே பார்த்திருக்கிறார், அங்கே பார்த்திருக்கிறார்.

நடுவில் எங்கேயும் பார்த்ததே இல்லை.

டொக்.

வெளியே, சுவருக்கு அந்தப் பக்கம், சிமெண்ட்டில் ஏதோ ஊன்றும் சத்தம்.

டொக். டொக்.

அவர் எழுந்திருப்பதற்குள் மங்கையர்க்கரசி சமையலறையைத் தாண்டிப் பின்கதவைத் திறந்துவிட்டிருந்தார்.

*

வீட்டின் பின்சுவரை ஒட்டி ஒரு குறுகலான சிமெண்ட் நடை. மழையில் பாசி பிடித்திருந்தது. பாசியின் மேல் கோணித் துண்டுகள் வரிசையாகப் போட்டு, பறக்காமல் இருக்க உடைந்த ஓடுகள் வைக்கப்பட்டிருந்தன. படுக்கையறையின் வெளிக்கதவை ஒட்டிய ஜன்னல் கம்பியிலிருந்து சமையலறையின் ஜன்னல் கம்பி வரைக்கும் ஒரு நைலான் கயிறு.

“இது எதுக்கு, ஐயா?” என்று கேட்டார் மங்கையர்க்கரசி.

“துணி காயப் போட.”

“இடுப்பு உயரத்துலயா?”

எட்டு மாதமாக அந்தக் கயிற்றை அவர் தினமும் பார்த்திருக்கிறார். அதில் ஒரு துணியைக்கூடப் பார்த்ததில்லை என்பது இப்போதுதான் உறைத்தது.

மூலையைச் சுற்றி உண்ணாமலை வந்துகொண்டிருந்தார்.

தலையில் ஒரு துண்டு. குருவம்மா வருகிறார் என்று பட்டுச் சேலை கட்டியிருந்தார். அதன் கரையில் செம்மண் சேறு. ஒரு கை வாக்கரை முன்னால் தூக்கி வைத்தது. இன்னொரு கை கயிற்றைப் பிடித்திருந்தது. தூக்கி வைத்து, நின்று, மூச்சு வாங்கி, அடுத்த கோணிக்கு. கயிறு கையின் எடைக்குத் தொய்ந்து தொய்ந்து நிமிர்ந்தது.

இருவரும் நிற்பதைப் பார்த்ததும் சங்கடத்தோடு சிரித்தார்.

“வாங்கம்மா. சேலை மாத்தப் போனேன். ரெண்டே நிமிஷம், இலை போட்டுடறேன்.”

மங்கையர்க்கரசி மழையில் இறங்கி அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். கை பட்டதும் உண்ணாமலை முகம் சுளித்தார். முழங்கை நீலம் பாரித்திருந்தது. விழுந்தீர்களா என்று மங்கையர்க்கரசி கேட்டதற்கு, சின்ன வழுக்கல்தான் என்றார். ஆவணியில் ஒரு தடவை. போன வாரம் ஒரு தடவை. அவருக்குச் சொல்ல வேண்டாம் என்று பார்த்தேன், தியானம் பண்ணுகிறவருக்கு மனசு கலங்கிவிடும் என்றார்.

சிற்றம்பலம் பின்கதவின் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மனைவியின் கால்களைத்தான் பார்த்தார். ஈரத்தில் ஊறி, வெளுத்து, வீங்கியிருந்தன.

ஜில்லென்ற தரையில் இந்தக் கால் படவே கூடாது என்று சேலத்து டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது. டாக்டர் வீட்டை விட்டு வெளியே வந்ததும், உனக்கு நான் மரத்தரை போட்டுத் தர்றேன் என்று தான் சொன்னதும் ஞாபகம் வந்தது. அதைக் கேட்டு அவள் பேருந்து நிலையத்தில் சிரித்த சிரிப்பும்.

எப்போது அதை மறந்தோம் என்று அவருக்குத் தெரியவில்லை. முதல் மரக்கடையிலா, ஐந்தாவதிலா.

கீழே இறங்கி, மனைவியின் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டார். சமையலறைக்குள் ஏற்றினார். அடுப்பைத் தாண்டிக் கூடத்து வாசல் வரைக்கும் அழைத்து வந்தார்.

“இப்படி வா.”

உண்ணாமலை வாசலில் நின்றுவிட்டார். தரையைப் பார்த்தார். வாக்கரின் கால்களில் ஒட்டியிருந்த சேற்றைப் பார்த்தார்.

“உள்ள வா, உண்ணாமலை.”

அவர் நகரவில்லை.

“காய்ஞ்சிடுச்சா?” என்று கேட்டார்.

சிற்றம்பலத்துக்குப் புரியவில்லை. “என்ன?”

“மாசி மாசம் எண்ணெய் பூசினப்ப, இது காயணும், நான் கூப்பிடுறவரைக்கும் கால் வைக்காதேன்னு சொன்னீங்களே.”

“அது… அது ரெண்டு நாள்ல காய்ஞ்சிருச்சு.”

“நீங்க கூப்பிடலையே.”

குரலில் கோபம் இல்லை. கேட்டதற்குப் பதில் சொல்லும் குரல்தான்.

“பங்குனியில ஒரு தடவை நானா வரலாம்னு பார்த்தேன். அன்னைக்குத்தான் சிலிண்டர் கொண்டாந்தவரு செருப்போட உள்ள வந்துட்டாரு. நீங்க ரெண்டு நாள் அதையே பேசிக்கிட்டு இருந்தீங்க. சரி, இன்னும் காயலைன்னு நினைச்சுக்கிட்டேன்.”

சிற்றம்பலம் குருவைத் திரும்பிப் பார்த்தார்.

மங்கையர்க்கரசி அவரைப் பார்க்கவில்லை. தன் ஈரக் காலோடு வந்து, துடைக்காமல், கூடத்தின் நடுவில் போய் உட்கார்ந்தார். பக்கத்துப் பலகையைக் கையால் தட்டிக் காட்டினார்.

உண்ணாமலை கணவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“காய்ஞ்சிருச்சு,” என்றார் சிற்றம்பலம்.

உண்ணாமலை வாக்கரைத் தூக்கி உள்ளே வைத்தார்.