மணி அடித்தபோது உட்கார்ந்திருந்தவன்

"பையனுக்குச் சரியாப் போச்சுங்கம்மா. கூட்டிட்டுப் போறனுங்க."

வையாபுரி கும்பிட்டபடியே சொன்னார். தவில் வாசிக்கிறவர். மலை மடத்தின் தலைவி வடிவம்மை அவரைவிடப் பத்து வயது இளையவர். கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"யார் சொன்னது?"

"என் கண்ணால பார்த்தனுங்க. நேத்து உச்சிப் பூசைக்கு மணி அடிச்சாங்க. செங்கோடன் சுவத்தோரமா உக்காந்திருந்தான். அசையவே இல்லீங்க. அப்புறம் போய்ப் படுத்துத் தூங்கிட்டான்."

அந்த மணியைச் சாதாரணமாக நினைத்துவிடக் கூடாது. கயிற்றை இழுக்க இரண்டு ஆள் வேண்டும். கூடவே சங்கும் ஊதுவார்கள். புதிதாக வருகிறவர்கள் காதைப் பொத்திக்கொண்டுதான் சாமி கும்பிடுவார்கள்.

செங்கோடனுக்குப் பதினைந்து வயதாக இருந்தபோது டவுன் டாக்டர் ஆட்டிசம் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார். ஊர் அதற்கு வேறு பெயர் வைத்தது. ஒரு கல்யாணத்தில் கெட்டிமேளம் கொட்டியதும் பையன் தரையில் விழுந்து கத்தினான். தலையைச் சுவரில் மோதிக்கொண்டான். நாலு பேர் பிடித்தும் அடங்கவில்லை. வையாபுரிக்கு மானம் போயிற்று. அந்த வாரமே மகனை மலைக்குக் கொண்டுவந்து விட்டார்.

இப்போது அவனுக்கு இருபத்திரண்டு. தை மாதக் கல்யாணங்களுக்கு மகன் மேடையில் தன் பக்கத்தில் உட்கார்ந்து தாளம் போடுவான் என்று நேற்றே ஊருக்குப் போன் போட்டுச் சொல்லியாயிற்று. ஆளுக்கு அவ்வளவு அவசரம்.

"கண்ணால பார்த்தீங்க, சரி. தவில்காரர் நீங்க. கையால பார்த்தீங்களா?"

வையாபுரிக்கு ஒன்றும் விளங்கவில்லை.

உச்சி நெருங்கியது. செங்கோடன் வந்து சுவரோரம் உட்கார்ந்தான். வடிவம்மை அவனிடம் கேட்டார்.

"அப்பா உன் கையைப் பிடிச்சுப் பார்க்கட்டுமா?"

செங்கோடன் மணிக்கட்டை நீட்டினான்.

"அழுத்திப் பிடிங்கப்பா. லேசாத் தொட்டாத் தாங்க முடியாது."

மணி அடித்தது.

முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. வையாபுரியின் விரல்களுக்கு அடியில் நாடி ஓடியது. பழக்கதோஷத்தில் தாளக் கணக்கில் எண்ணினார். இரண்டாம் காலம். மூன்றாம் காலம். அதற்கும் மேலே போயிற்று. நாற்பது வருஷ வாசிப்பில் அந்த வேகத்தை அவர் தொட்டதில்லை.

பையனின் கை சில்லிட்டு வியர்வையில் வழுக்கியது. அன்றைக்குக் கல்யாண வீட்டில் தரையில் புரண்டது அத்தனையும் உள்ளேதான் இருக்கிறது. ஒரு பொட்டு குறையவில்லை. அதை வைத்துக்கொண்டுதான் பிள்ளை அசையாமல் உட்கார்ந்திருக்கிறான்.

இவ்வளவு பெரிய ஆளா என் மகன் என்று வையாபுரி வாய்விட்டே சொன்னார். மணிச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

மணி நின்றது. நாடியின் வேகம் குறையவில்லை.

செங்கோடன் எழுந்தான். தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். சாப்பிட வரவில்லை.

வையாபுரி கதவைத் தட்டப் போனார்.

"வேண்டாங்க," என்றார் வடிவம்மை. "நாளைக்குத்தான் அவனுக்குப் பேச்சு வரும்."

"அப்பெல்லாம் அரை மணி நேரம் கத்துவான். அப்புறம் சோறு கேப்பானுங்க."

"ஆமா."

"தினமும் இதையா தாங்குறான், என் பிள்ளை?"

"தினமும் எங்க தாங்குறான்? மணிக்கு முன்னாடியே எந்திரிச்சு ஓடைப் பக்கம் போயிருவான். உள்ள ஏறுறது இப்ப அவனுக்கு முன்கூட்டியே தெரியுது. அதைக் கண்டுக்க அவனுக்கு அஞ்சு வருஷம் ஆச்சு. உக்காருன்னு இங்க யாரும் சொன்னதில்லை."

"அப்ப நேத்தும் இன்னைக்கும் ஏனுங்க உக்காந்தான்?"

"அவனைக் கேளுங்க."

கீரைத் தட்டை எடுத்துக்கொண்டு வடிவம்மை உள்ளே போய்விட்டார்.

மறுநாள் உச்சிக்குச் சற்று முன்புதான் கதவு திறந்தது. செங்கோடனின் முகம் வெளுத்திருந்தது. நேராக வந்து அதே சுவரோரம் உட்கார்ந்தான்.

வையாபுரி எதிரே குந்தினார்.

"ஏன் சாமி எந்திரிச்சுப் போகல?"

செங்கோடன் தரையைப் பார்த்தபடி ஒவ்வொரு சொல்லாக எடுத்தான்.

"நீங்க... பார்க்க... வந்திருந்தீங்க."

கயிறு இழுக்கிறவர்கள் இருவரும் முற்றத்தைக் கடந்து வந்துகொண்டிருந்தார்கள்.

வையாபுரி எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார்.

"எந்திரி சாமி. ஓடை எந்தப் பக்கம்னு எனக்குக் காட்டு."