குணாளனைச் சாயல்குடிக்கு அனுப்பச் சொன்ன மனு

கடல் தாண்டிப் போய் ஒன்பது வருஷம் கப்பல் பட்டறையில் வெல்டராக உழைத்தவர் இருளப்பன். ஊர் திரும்புமுன், சம்பளத்தில் பிடித்த ஓய்வூதியப் பணத்தைக் கேட்டு அலுவலகத்துக்குப் போனார். அந்த நாட்டிலேயே பிறந்த தமிழரான அதிகாரி குணாளன் படிவத்தைத் தள்ளிவிட்டார்.

"நாட்டைவிட்டுப் போனவனுக்குத்தான் பணம். போய்விட்டு வா."

"ஊரிலிருந்து தபாலில் அனுப்பலாமா ஐயா?"

"முடியாது. என் கண்முன்னால்தான் கையெழுத்துப் போடணும்."

"போனால் விசா முடிந்துவிடுமே, எப்படித் திரும்பி வருவேன்?"

"அது உன் பாடு."

நான்கு நாள் நடையாய் நடந்தும் இதே பதில்தான். ஐந்தாம் நாள், வெறுத்துப்போன இருளப்பன் ஒரு மனு எழுதி மேலதிகாரி அம்மாவிடம் நீட்டினார்.

'என்னால் திரும்பி வர முடியாது. ஆகவே நான் கையெழுத்துப் போடுவதைக் கண்ணால் பார்க்க, குணாளன் ஐயாவை அரசுச் செலவில் என் ஊரான சாயல்குடிக்கு அனுப்பி வையுங்கள். சாப்பாடும் படுக்கையும் என் பொறுப்பு.'

மனுவைப் படித்ததும் அம்மா குணாளனைக் கூப்பிட்டார். "உங்கள் கண்முன்னால்தான் கையெழுத்துப் போடணும் என்று எந்த விதியில் இருக்கிறது?"

குணாளன் விதிப்புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். விமான டிக்கெட்டைக் காட்டினால் போதும் என்றுதான் அதில் இருந்தது. வேர்த்துப்போய், அங்கேயே படிவத்தில் முத்திரை குத்தினார்.

இருளப்பன் அதை வாங்கி மடித்துக்கொண்டு கேட்டார்: "நாலு நாள் கூலி போச்சே ஐயா, அதுக்கு எந்தப் படிவம்?"